தாய்ச்சீட்டு

இட்லிக்காரிக்கு வெயிலால என்ன பிரயோசனம்
என்று கேட்டாள் ஞானபுஷ்பம்.
நியாயந்தான்.
ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு, நாலரைக்குச் சட்னி,
ஐந்தேகாலுக்கெல்லாம் சைக்கிள்கள்
ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சயான் பக்கம் போய்விடும்.
அவன் எழுந்து வருவதற்குள்
முதல் நடை அண்டா காலி.
தாராவியில் எங்களுக்கும் சூரியனுக்கும்
முகப்பழக்கமே கிடையாது.

ஆனால் மாவு அரைப்பது மத்தியானம்.
கரண்ட் பில்லை மாதாமாதம்
பதினோரு வீட்டுக்கும் பிரித்து எழுதுகிறவள் நான்.
பன்னிரண்டிலிருந்து நாலு வரை
சந்து முழுக்கக் கல் சுற்றும்.
அந்த நேரம் தகரத்துக்கு மேலே
அவன் சும்மாதானே நிற்கிறான்.

சீட்டுப் போட்டோம்.
இருபத்திரண்டு பேர், மாதம் ஐயாயிரம்.
முதல் சீட்டு, தள்ளுபடி இல்லாமல்,
சீட்டுப் பிடிக்கிறவளுக்கு.
அதுதான் வழக்கம், அதுதான் என் கூலி.
அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை
வெயிலுக்குக் கொடுத்தேன்.
மீதிக்குத் தவணை.
வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கூரை எங்கே இருக்கிறது எங்களிடம்?
தளம் போட்டது தோல்பை பட்டறை மைதீன் பாய் வீடு ஒன்றுதான்.
வாடகை வேண்டாம் என்றார்.
"நாலு தையல் மிஷினுக்கு ஒரு வயர் விடுங்க,
வெள்ளிக்கிழமை ஒண்ணரை மணிக்கு
எப்படியும் ஆஃப்தான், அதை நீங்க எடுத்துக்குங்க."
வெள்ளி ஒண்ணரைக்கு அடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்!
எட்டுப் பலகை வெயிலில்
ஒரே நேரத்தில் மூன்று கிரைண்டர்தான் ஓடும்.
உச்சிப்பொழுது யாருக்கு, சாயந்தர வெயில் யாருக்கு?
இசக்கியம்மாள் பன்னிரண்டு மணியைப் பிடித்துக்கொண்டு
விடவே மாட்டேன் என்றாள்.
ராசி நட்சத்திரம் எல்லாம் பார்த்தாள்.
கடைசியில் அதையும் குலுக்கிப் போட்டோம்.

குர்லா பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து
நிகிலேஷ் என்று ஒரு பையன் வந்தான்.
வருஷத்துக்கு எவ்வளவு கார்பன் மிச்சம் என்று கேட்டான்.
எனக்குத் தெரிந்த கார்பன்
பில் புக்கில் வைக்கிற நீலத்தாள்.
கரி என்று விளக்கினான்.
நீங்கள் எரிக்காமல் விட்ட கரியை
எங்கள் கம்பெனி விலைக்கு வாங்கும் என்றான்.
எரிக்காத கரியையா?
ஆமாம், எரிக்காததை.
"அப்ப எங்கிட்ட அவிக்காத இட்லி ரெண்டாயிரம் இருக்கு,
அதுக்கு ஒரு ரேட் போடு தம்பி" என்றாள் ஞானபுஷ்பம்.
சந்தே சிரித்தது. அவனும் சிரித்தான்,
சிரித்தபடி குறித்துக்கொண்டான்.
கிடைக்கிற காசுக்கு முன்பணம் வாங்காமல்
கையெழுத்துப் போடவில்லை நான்.
அவன் பலகைகளைப் படம் எடுத்தான்.
மாவை எடுக்கவில்லை.

பிறகு ஜூலை.
பதினேழு நாள் விடாத மழை.
பலகைகள் கழுவிக் கழுவிப் பளபளவென்று
எதற்கும் உதவாமல் கிடந்தன.
கம்பெனிக் கரண்டில் அரைத்தோம்.
பில் வந்ததும்
சீட்டை முறிக்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள்.
நோட்டைப் பிரித்து
ஏப்ரலைக் காட்டினேன், மே மாதத்தைக் காட்டினேன்.
ஒருத்தி உட்கார்ந்து படித்தாள்.
இன்னொருத்தி போய்விட்டாள்.
அவள் ஐயாயிரம் இப்போது என் தலையில்.

பதினெட்டாம் நாள் கொஞ்சம் வெளுத்தது.
மைதீன் பாய் வாசலில் இருக்கும் பெட்டியில்
ஆரஞ்சு விளக்கு தயங்கிப் பச்சையானது.
இசக்கியம்மாள் அரிசியைக் கொட்டினாள்.
கல் ஒரு சுற்று, இரண்டு சுற்று.
மாஹிம் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது.
நாங்கள் ஏழு பேரும்
அதைக் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு
அசையாமல் நின்றோம்.

விளக்கு இன்னும் பச்சைதான்.